டாங்கி மேல் வரும் இரவு ராணி: பழைய ஓபராவைப் போர்க்காலப் படமாக்கும்போது என்ன நடக்கிறது

1791-ல் வியன்னாவில் மேடையேறிய ஒரு மாயக் கதை, மோட்சார்ட் இசையமைத்த 'மாயப் புல்லாங்குழல்' என்ற ஓபரா, அதாவது இசை நாடகம். அதில் ஓர் இளவரசன் இருக்கிறான், அவனைத் துரத்தும் பாம்பு இருக்கிறது, இரவு ராணி இருக்கிறாள், ஆபத்திலிருந்து காக்கும் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. 2006-ல் கென்னத் பிரானா எடுத்த படத்திலும் அதே கதைதான், மோட்சார்ட்டின் அதே இசைதான். ஆனால் இளவரசன் முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் நிற்கும் சிப்பாய் ஆகிவிட்டான். பாம்பின் இடத்தில் விஷவாயு. ராணி வந்து இறங்குவது டாங்கி மேல்.

இதைப் பார்க்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. மோட்சார்ட் எழுதியது ஒன்று, இவர்கள் காட்டுவது வேறொன்று, பாட்டு மட்டும் மாறவில்லை என்றால் இது என்ன கணக்கு? இதைப் புரிந்துகொள்ள ஓபரா எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எது அசையாது, எது அசையும்

ஓபராவை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. இசை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் கருவி, எந்தக் குரல் என்று எல்லாமே தாளில் எழுதப்பட்டது. பாடகர் தன் கற்பனைக்கு இடம் எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. ஒரு கோபம் இரண்டே முக்கால் நிமிடம் என்றால் அது இரண்டே முக்கால் நிமிடம்தான், கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

2. சொல். லிப்ரெட்டோ என்பார்கள். பாட்டு வரிகளும், சில ஓபராக்களில் நடுவே பேசும் வசனமும் சேர்ந்தது. 'மாயப் புல்லாங்குழல்' இந்த இரண்டாவது வகை. ஜெர்மனில் ஸிங்ஷ்பீல் என்று பெயர், பாட்டும் வசனமும் மாறி மாறி வரும் நாடகம். இதை எழுதிய இமானுவேல் ஷிகனேடர் தானே நாடகக் குழு நடத்தியவர், முதல் மேடையேற்றத்தில் பறவைக்காரன் பப்பகேனோவாக நடித்தவரும் அவரே. அரண்மனைக்காக எழுதிய படைப்பு இல்லை இது. வியன்னாவின் புறநகர் அரங்கில், காசு கொடுத்து வரும் சாதாரண சனங்களுக்காக எழுதியது.

3. காட்சி. எந்த நாடு, எந்தக் காலம், என்ன உடை, மேடையில் என்ன நிற்கிறது. லிப்ரெட்டோவில் இதற்கும் குறிப்புகள் உண்டு. ஆனால் கடந்த நூறு ஆண்டுகளில் இயக்குநர்கள் அதிகம் கை வைத்திருப்பது இந்த அடுக்கில்தான்.

போர்க்காலத்துக்கு மாற்றுவது என்றால் மூன்றாவது அடுக்கை முழுசாக மாற்றுவது, இரண்டாவதைத் தேவைக்கு ஏற்ப மாற்றுவது, முதலாவதைத் தொடாமல் விடுவது. எல்லாச் சிக்கலும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கிறது. இசை பழைய கதைக்காக எழுதப்பட்டது. புதுக் கதை அந்த இசையின் நீளத்துக்கும் சூட்டுக்கும் ஈடுகொடுத்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த இடத்தில் இசை ஏற்கெனவே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது, புதுக் காட்சி அதைக் காது கொடுத்துக் கேட்டதா?

## மேடையிலிருந்து திரைக்கு வரும்போது

போரைப் பற்றிப் பேசும் முன் சினிமா என்ற மாற்றத்தையே பார்த்துவிடலாம். அதுவே பாதி யுத்தம்.

முதலாவது, நேரம். ஓபராவில் ஆரியா என்று தனிப்பாட்டு வரும். அது வந்ததும் கதை நின்றுவிடும். ஒரே உணர்வை, சில சமயம் ஒரே வரியை, நாலு தடவை ஐந்து தடவை சொல்லிப் பாடுவார்கள். அரங்கில் அது பொருந்துகிறது, ஏனென்றால் எதிரே ஒரு மனிதக் குரல் அந்தக் கணத்தில் செய்வதைப் பார்க்கத்தான் நாம் போயிருக்கிறோம். திரையில் கண் அடுத்தது என்ன என்று தேடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஓவர்ச்சர். திரை விலகும் முன் இசைக்குழு மட்டும் வாசிக்கும் முன்னிசை. 'மாயப் புல்லாங்குழ'லில் இது சுமார் ஏழு நிமிடம். ஏழு நிமிடம் திரையில் என்ன காட்டுவது? 1975-ல் இங்மார் பெர்க்மன் இதே ஓபராவை ஸ்வீடிஷ் மொழியில் படமாக்கியபோது, கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையாளர்களின் முகங்களைக் காட்டினார். நடுநடுவே ஒரு சிறுமியின் முகம் திரும்பத் திரும்ப வரும். அழகான தீர்வு, ஆனால் அது நம்மை அரங்குக்குள்ளேயே உட்கார வைக்கும் தீர்வு. பிரானா செய்தது நேர் எதிர். அவருடைய கேமரா திறந்தவெளியிலிருந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கி, சிப்பாய்களுக்கு நடுவே நீண்டு ஓடி, போர் வெடிக்கும் இடம் வரை போகிறது. அந்த ஓவர்ச்சரின் இசை ஒரு கருவிக் கூட்டம் சொன்னதை அடுத்தது பிடித்துக்கொண்டு துரத்தும் அமைப்பு கொண்டது. குழிக்குள் வளைந்து வளைந்து ஓடும் கேமராவுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூன்றாவது, ஒலி. இதைப் பலர் யோசிப்பதில்லை. போர்ப் படம் என்றாலே குண்டுச் சத்தம்தான் பாதிப் படம். ஓபராப் படத்தில் அந்தச் சத்தத்தை மோட்சார்ட்டின் மேல் கொட்ட முடியாது, கொட்டினால் இசை செத்துப்போகும். ஆகவே வெடிப்பதைக் காட்டலாம், கேட்கவிட முடியாது. போர்க்களம் ஊமையாகி, ஓடுவதும் விழுவதும் நடனம் மாதிரி ஆகிவிடுகிறது. சிலருக்கு இது போரை அலங்கரிப்பதாகப் படும், அந்தக் கூச்சம் தப்பில்லை. ஆனால் சத்தம் இல்லாமல் மனிதர்கள் விழுவதைப் பார்ப்பதில் வேறு ஒரு பயம் இருக்கிறது, சத்தத்தோடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இன்னும் உறைக்கிறது.

நான்காவது, வாய். பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் ஓடவிட்டு வாயசைப்பதுதான் வழக்கம். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிரானாவின் படத்தில் பாடியவர்களே நடித்தார்கள், எல்லாருமே பயிற்சி பெற்ற ஓபராப் பாடகர்கள். இசையை நடத்தியவர் ஜேம்ஸ் கான்லன்.

ஐந்தாவது, மொழி. ஜெர்மன் வரிகளை ஸ்டீபன் ஃப்ரை ஆங்கிலத்தில் எழுதினார். மெட்டுக்குப் பாட்டு எழுதும் வேலைதான் இது, ஆனால் இன்னும் கடினமானது. அசை எண்ணிக்கை பொருந்த வேண்டும், அழுத்தம் விழும் இடம் பொருந்த வேண்டும், உச்சத்தில் குரல் நிற்கும் இடத்தில் வாய் திறக்கும் உயிரெழுத்து இருக்க வேண்டும். 'ஆ' இருந்த இடத்தில் 'இ' வந்தால் பாடகிக்குத் தொண்டை அடைக்கும். இத்தனையும் செய்துகொண்டே பதுங்குகுழிக்கும் பொருந்துகிற வார்த்தை தேட வேண்டும்.

## ஏன் போர்?

மாயக் கதையை இன்றைய நகரத்துக்கு மாற்றலாம், பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாம். போருக்கு ஏன்?

போரில் சாதாரணமாகவே வாழ்க்கை ஓபராவின் அளவுக்கு ஏறிவிடுகிறது என்பது ஒரு காரணம். ஓர் ஓவியத்தைப் பார்த்த உடனே காதலில் விழுவது, அரை மணி நேரத்தில் சத்தியம் செய்வது, அம்மா மகள் கையில் கத்தியைக் கொடுத்துக் கொல்லச் சொல்வது, இதையெல்லாம் அமைதியான ஊரில் வைத்தால் சிரிப்பு வரும். நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில் வைத்தால் சிரிப்பு வராது.

இன்னொன்று, பதுங்குகுழிப் போருக்கு மட்டும் உரியது. 1914-லிருந்து 1918 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்த அந்தப் போரின் பெரும்பகுதி காத்திருப்பு. சேற்றில் நின்று, எதிரில் இருக்கும் முள்வேலியைப் பார்த்துக்கொண்டு, வாரக்கணக்கில் சும்மா இருப்பது. கதை நகராமல் ஒரே உணர்வில் நிற்கும் ஆரியாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? குதிரை பாயும் போரில் ஒருவன் நின்று பாடினால் விசித்திரம். குழிக்குள் இருப்பவனுக்குப் பாடுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

## கதையின் நடுவில் ஒரு திருப்பம்

'மாயப் புல்லாங்குழல்' கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்கு.

டமினோ என்ற இளவரசனைப் பாம்பு துரத்துகிறது. மூன்று பெண்கள் காப்பாற்றி, பமினா என்ற பெண்ணின் ஓவியத்தைக் கொடுக்கிறார்கள். அவன் காதலில் விழுகிறான். அவளுடைய தாய் இரவு ராணி தோன்றி, சரஸ்ட்ரோ என்ற கொடியவன் என் மகளைக் கடத்திவிட்டான், மீட்டுக் கொடு என்று அழுகிறாள். இவன் புறப்படுகிறான், கூடத் துணைக்குப் பப்பகேனோ. சரஸ்ட்ரோவின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு முதியவர் எதிர்ப்பட்டு, யார் சொல்லி இதை நம்பினாய், கொடுமை என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம் என்று கேட்கிறார். டமினோவிடம் பதில் இல்லை. அங்கிருந்து எல்லாம் தலைகீழ். சரஸ்ட்ரோ ஞானி, ராணிதான் பழிவாங்கத் துடிப்பவள். டமினோ மௌனச் சோதனையையும், பிறகு பமினாவோடு சேர்ந்து நெருப்பு, நீர் என்ற சோதனைகளையும் கடக்கிறான். ராணியின் கூட்டம் இருளில் விழுகிறது.

இந்தத் தலைகீழ் மாற்றம் ஏன் என்று இருநூறு வருடமாக ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுதும்போது பாதியில் மனம் மாறிவிட்டார்களா? மோட்சார்ட், ஷிகனேடர் இருவரும் ரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் சங்கத்தில் இருந்தவர்கள், அதன் சடங்குகளும் மூன்று என்ற எண்ணும் இந்தப் படைப்பெங்கும் இருப்பதால் விளக்கத்தை அங்கே தேடியவர்கள் நிறைய.

போர்க்களத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கே அவசியம் இல்லாமல் போகிறது. இதை நான் இந்தப் படத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன். எதிரி பெண்களைக் கடத்துகிறான், எதிரி மிருகம், நீ போய் மீட்டு வா என்று சொல்லித்தானே எல்லா நாட்டிலும் இளைஞர்களைப் போருக்கு அனுப்பினார்கள்? ஓவியத்தைக் காட்டிக் காதல் ஊட்டுவதும், கண்ணீர் விட்டு ஆள் சேர்ப்பதும் 1914-ன் சுவரொட்டிகள் செய்த வேலை. எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்த ஒருவன், அங்கே இருப்பவரும் மனிதர்தான் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தத் திருப்பம். இத்தனை நாள் ஓட்டை மாதிரி தெரிந்த இடம் கதையின் முதுகெலும்பு ஆகிவிடுகிறது. ராணியின் முதல் பாட்டும் அப்படியே பொருந்துகிறது. துக்கமாக மெதுவாகத் தொடங்கி, கேட்பவன் மனம் இளகியதும் வேகம் பிடித்து, நீதான் மீட்பன் என்று உச்ச சுரங்களில் போய் முடிகிற பாட்டு அது. ஆள் சேர்ப்புப் பேச்சின் அமைப்பே அதில் இருக்கிறது, மோட்சார்ட் எழுதி வைத்தபடியே.

## எதற்குப் பதில் எது

மற்ற மாற்றங்களில் முக்கியமானவை இவை. எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

1. பாம்பு, விஷவாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மன் படை குளோரினைத் திறந்துவிட்டதுதான் மேற்கு முனையில் முதல் பெரிய வாயுத் தாக்குதல். குளோரின் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து வந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கும். பதுங்குகுழிதான் பள்ளம். பச்சையும் மஞ்சளுமாக நிலத்தோடு ஊர்ந்து வந்து குழிக்குள் இருப்பவனைத் தேடும் ஒன்றைப் பாம்பு என்று சொல்ல உவமை தேவையே இல்லை. டமினோவின் முதல் வார்த்தையே உதவி கேட்டு அலறுவது. இசை சி மைனர் என்ற இருண்ட சுர அமைப்பில், மூச்சிரைக்க. இந்த மாற்றம் நூற்றுக்கு நூறு.

2. மூன்று பெண்கள், மூன்று செவிலியர். காப்பாற்றுகிறவர்கள், அதே சமயம் அந்த அழகான இளைஞன் பக்கத்தில் யார் இருப்பது என்று தங்களுக்குள் சண்டை போடுகிறவர்கள். மூலத்திலும் அப்படித்தான். போர் முனையில் பெண்கள் இருக்க இயல்பான காரணமும் கிடைத்துவிடுகிறது.

3. பறவைக்காரன். பப்பகேனோ மூலத்தில் ராணிக்குப் பறவை பிடித்துக் கொடுப்பவன். முதல் உலகப் போரில் பறவைகள் உண்மையிலேயே முனையில் இருந்தன. செய்தி கொண்டுபோகப் புறாக்கள். சுரங்கம் தோண்டுகிறவர்களிடம் சின்னக் கூண்டில் கேனரிக் குருவிகள், ஏனென்றால் காற்றில் நச்சு இருந்தால் மனிதனுக்கு முன்னால் குருவி துவண்டு விழும். ஆகவே பறவைகளைக் கவனிக்கும் சிப்பாய் என்பது வலிந்து செய்த மாற்றம் இல்லை. அவனுடைய கவலையில்லாத பாட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கூண்டு இருப்பது என்னை ரொம்ப நேரம் விடவில்லை.

4. ராணியின் வருகை, டாங்கி. டாங்கி முதன்முதலில் போருக்கு வந்தது 1916 செப்டம்பர் 15, சொம் போர்முனையில். பார்த்தவர்களுக்கு அது மிருகமா இயந்திரமா என்றே தெரியவில்லை. மேடையில் ராணி இடி முழங்க வருவாள். திரையில் இடியின் இடத்தை எடுத்துக்கொள்ள அந்தக் காலத்தில் இருந்த மிகப் பயங்கரமான பொருள் இதுதான்.

5. சரஸ்ட்ரோவின் கோயில், காயம்பட்டவர்களுக்கு அடைக்கலம் தரும் கோட்டை. மூலத்தில் அது ஞானிகளின் சபை, இசிஸ், ஒசிரிஸ் என்ற எகிப்தியத் தெய்வங்களை வணங்குபவர்கள். படத்தில் ரெனே பாப்பே பாடி நடித்த சரஸ்ட்ரோ, மருந்து கட்டுபவர்களின் தலைவன்.

இந்தக் கடைசி மாற்றத்தில்தான் இரண்டு பாட்டுகள் புது அர்த்தம் பெறுகின்றன. இரண்டாம் பாகத்தில் ராணி மகளிடம் கத்தியைக் கொடுத்து, சரஸ்ட்ரோவைக் கொல், இல்லையென்றால் நீ என் மகளே இல்லை என்று பாடுவாள். ஓபரா பார்க்காதவர்கள்கூட எங்கேயாவது கேட்டிருக்கக்கூடிய பாட்டு. சோப்ரானோ எனப்படும் உயர்ந்த குரல் பாடகிகளே சாதாரணமாக எட்டிப் பார்க்காத உயரத்துக்கு, உச்ச எஃப் வரை, குரல் ஊசி மாதிரி குத்திக்கொண்டு ஏறும். அதற்குக் கொஞ்ச நேரத்திலேயே சரஸ்ட்ரோ பாடுவார்: இந்தப் புனித இடத்தில் பழிவாங்கல் என்பதே தெரியாது, விழுந்தவனை அன்பு கைபிடித்து எழுப்பும். மெதுவான, அடித்தொண்டையில் நிற்கும் பாட்டு. மேடையில் இதைக் கேட்கும்போது பல நேரம் பெரியவர் ஒருவர் உபதேசம் செய்வது போலத்தான் இருக்கும். கை கால் இழந்தவர்கள் நிறைந்த ஓரிடத்தின் பொறுப்பில் இருப்பவர் பாடும்போது அது உபதேசமாகத் தெரியவில்லை. பழிவாங்கலை மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

பொருந்தாத இடங்களும் உண்டு. மூலத்தில் சரஸ்ட்ரோவின் ஆட்கள் பெண்களை இழிவாகப் பேசும் வரிகள் இருக்கின்றன, மோனோஸ்டடோஸ் என்ற பாத்திரத்தின் கறுப்பு நிறத்தைப் பற்றிய வரிகள் இருக்கின்றன. இன்று யார் எடுத்தாலும் இவற்றோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும், போர்க்களம் அதற்கு ஒரு உதவியும் செய்யாது. மௌனச் சோதனைக்கும் போரில் சரியான இடம் இல்லை. காதலி அழுது கேட்டும் பேசாமல் நிற்க வேண்டும் என்பது ஒரு சங்கத்தின் சடங்கு, சடங்கை எடுத்துவிட்டால் அது வெறும் கல்நெஞ்சம்.

## நெருப்பும் நீரும்

சோதனைகளில் கடைசி இரண்டும் வேறு. அந்தப் போரில் நெருப்புக்கும் தண்ணீருக்கும் அர்த்தம் தேட வேண்டியதில்லை. தீயை உமிழும் கருவிகள் இருந்தன, ஆளை விழுங்கும் சேறும் நீர் நிறைந்த குண்டுக்குழிகளும் இருந்தன.

கவனிக்க வேண்டியது இசை. உச்சக் கட்டம் என்றால் முழு இசைக்குழுவும் முழங்கும் என்றுதான் நினைப்போம். மோட்சார்ட் அங்கே எழுதியிருப்பது ஒரு தனிப் புல்லாங்குழல், அடியில் பித்தளைக் கருவிகள் மெதுவாக, டிம்பனி முரசு அங்கங்கே தட்டித் தட்டி. நடையில் அது ஓர் அணிவகுப்பு, ஆனால் அடங்கிய குரலில். ஆபத்து மிக அதிகமான இடத்தில் சத்தம் மிகக் குறைவு. போர்ப் படத்தின் பழக்கத்துக்கு இது நேர் விரோதம், அதனாலேயே இசைக்குக் கட்டுப்பட்ட இயக்குநர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பழைய பழக்கம் கை கொடுக்காது. எல்லாவற்றையும் அடக்கிவிட்டு இரண்டு பேர் நடப்பதை மட்டும் காட்ட வேண்டியிருக்கும்.

## வேறு இரண்டு வழிகள்

பிரானாவின் வழியில் போர் கதைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. போரைப் பின்புலமாக மட்டும் வைத்தவர்களும் உண்டு.

1954-ல் ஓட்டோ பிரெமிஞ்சர் எடுத்த 'கார்மன் ஜோன்ஸ்' அப்படி. ஜார்ஜ் பிஸேயின் 'கார்மன்' ஓபரா 1875 மார்ச்சில் பாரிசில் மேடையேறியது. ஸ்பெயினின் செவில் நகரம், சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கார்மன், அவளுக்காகப் பட்டாளத்தை விட்டு ஓடும் ஜோசே, கடைசியில் அவன் கையாலேயே அவள் சாவு. பாடலாசிரியர் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் இந்த இசைக்குப் புது ஆங்கில வரிகள் எழுதி, கதையை இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வைத்தார். 1943-ல் நியூயார்க்கின் பிராட்வே மேடை, பிறகு படம்.

சுருட்டுத் தொழிற்சாலை பாராசூட் தொழிற்சாலை ஆனது. இது ரொம்பச் சரியான மாற்றம், போர்க்காலத்தில்தான் அத்தனை பெண்கள் ஒன்றாகத் தொழிற்சாலைக்குள் வந்தார்கள். காளைச் சண்டை வீரன் குத்துச்சண்டை வீரன் ஆனான். ஜோசே அதே கார்ப்பரல் பதவியில் ஜோ ஆகி, விமானப் பயிற்சிக்குப் போகக் காத்திருக்கிறான். போர் இங்கே செய்யும் முக்கியமான வேலை ஒன்று: பட்டாளத்தை விட்டு ஓடுவதன் கனம் கூடுகிறது. மேலதிகாரியை அடித்துவிட்டுச் சிகாகோவுக்கு ஓடி, ராணுவப் போலீஸுக்குப் பயந்து அறைக்குள் அடைந்து கிடக்கிறவனுக்கு வெளியே போக வழியில்லை. கார்மனோ அடைந்து கிடக்க முடியாதவள். காதல் அங்கேயே கசக்கத் தொடங்குகிறது. மூலத்தில் மலைக் கடத்தல்காரர்களோடு சுற்றும் பகுதியைவிட இது எனக்கு அழுத்தமாகப் படுகிறது.

ஆனால் இந்தப் படம் போரைக் கொண்டுவந்துவிட்டு ஒரு பெரிய விஷயத்தைப் பேசாமல் விட்டுவிட்டது. அமெரிக்கப் படையில் அப்போது வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பிரிவு. அதிபர் ட்ரூமன் 1948 ஜூலையில் ஆணை போட்ட பிறகுதான் அது முடிவுக்கு வரத் தொடங்கியது. ஜோவைப் போன்ற ஒருவன் விமானி ஆக ஆசைப்படுவதில் எவ்வளவு போராட்டம் இருந்திருக்கும்! படத்தில் வெள்ளையரே கண்ணில் படாததால் அந்தப் போராட்டமும் மறைந்துவிட்டது. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார், அந்தக் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இதே படத்தில் இன்னொரு வேதனை. கார்மனாக நடித்த டாரதி டாண்ட்ரிட்ஜ், ஜோவாக நடித்த ஹாரி பெலஃபான்டே இருவருமே பேர் பெற்ற பாடகர்கள். ஆனாலும் ஓபராக் குரல் வேண்டும் என்று டாண்ட்ரிட்ஜுக்கு மரிலின் ஹார்னும் பெலஃபான்டேக்கு லெவர்ன் ஹட்சர்சனும் பின்னணி பாடினார்கள். டாண்ட்ரிட்ஜ் இந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார், அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். குரல் மட்டும் அவருடையது இல்லை.

மூன்றாவது வழி, ஓபராவை மாற்றாமல் அதைச் சுற்றிப் போரை வைப்பது. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டோஸ்கா' ஏற்கெனவே போர்க்காலக் கதைதான். 1800 ஜூன், ரோம். நெப்போலியன் மரெங்கோவில் ஜெயித்த செய்தி மேடைக்கே வந்து சேரும். ஓவியன் ஒருவன் தப்பி வந்த அரசியல் கைதியை ஒளித்து வைக்கிறான், காவல் தலைவன் ஸ்கார்பியா அவனைச் சித்திரவதை செய்து இடத்தைக் கேட்கிறான், பாடகி டோஸ்கா ஸ்கார்பியாவைக் குத்திக் கொல்கிறாள். குத்திய பிறகு பிணத்தைப் பார்த்து அவள் சொல்லும் வரி: இவன் முன்னால்தான் ரோம் முழுவதும் நடுங்கியது.

1946-ல் கார்மினே கலோனே எடுத்த இத்தாலியப் படத்துக்கு அந்த வரிதான் தலைப்பு. ஜெர்மானியர் பிடியில் இருந்த ரோமில் 'டோஸ்கா' நடிக்கும் பாடகர்கள், ஓர் ஆங்கிலேயச் சிப்பாயை ஒளித்து வைக்கிறார்கள். மேடையில் பாடும் கதையும் திரைக்குப் பின்னால் வாழும் கதையும் ஒன்றாகிவிடுகின்றன. அன்னா மக்னானி நடித்தார், அவருக்குப் பாடியவர் வேறொரு சோப்ரானோ. ரோம் விடுதலையானது 1944 ஜூன் 4. படம் வந்தது இரண்டே ஆண்டுகளில். அதைப் பார்த்த ரோம்வாசிகளுக்கு ஸ்கார்பியா யார் என்று விளக்கத் தேவை இருந்திருக்காது. இந்த வழியில் ஒரு சுரம்கூட, ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இதற்கு ஓபராவின் கதையும் நடந்த வரலாறும் தற்செயலாக ஒத்துப்போக வேண்டும், அப்படி அமைவது அபூர்வம்.

## கடைசி ஒரு நிமிடம்

மறுபடியும் மோட்சார்ட். 'மாயப் புல்லாங்குழல்' முடிகிற விதம் போர்க்கால இயக்குநருக்கு மிகப் பெரிய சோதனை, அது இதுவரை சொன்ன எதையும்விடக் கடினமானது.

ராணியும் கூட்டமும் இருட்டில் பதுங்கி வருகிறார்கள். இடி, மின்னல். எங்கள் பலம் நொறுங்கியது, நாங்கள் எல்லாரும் நித்திய இருளில் விழுந்தோம் என்று அலறிக்கொண்டு மறைகிறார்கள். அந்த அலறல் முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. உடனே வெளிச்சம், சரஸ்ட்ரோ, வெற்றிப் பாட்டு, எல்லாரும் சேர்ந்து ஈ ஃப்ளாட் மேஜர் என்ற பிரகாசமான சுர அமைப்பில் கொண்டாட்டம், திரை.

மாயக் கதைக்கு இது போதும். கெட்டவர்கள் பாதாளத்தில் விழுந்தார்கள், அவ்வளவுதான். முதல் உலகப் போரில் பாதாளத்தில் விழுந்த பக்கம் எது? பதுங்குகுழியில் இருந்த இளைஞர்களில் யாரை இருளில் தள்ளிவிட்டு யாரைப் பாட வைப்பது? படையினருக்கு வெளிப்படையான நாட்டு அடையாளம் கொடுக்காமலும், சரஸ்ட்ரோவை ஒரு நாட்டின் தளபதி ஆக்காமல் காயம் ஆற்றுபவர் ஆக்கியும் பிரானா இதற்கு முன்கூட்டியே வழி தேடியிருக்கிறார். தோற்பது ஒரு நாடு இல்லை, பழிவாங்கும் ஆசை என்று ஆகிறது. யோசனை சரிதான். ஆனால் செத்தவர்களுக்காக ஒரு கணம் நிற்க அந்த இசையில் இடமே இல்லை. 1791-ல் யாரும் அதைக் கேட்கவில்லை, மோட்சார்ட்டும் எழுதவில்லை.

ஆகவே படம் துக்கத்தை முன்னாலேயே வைத்துவிட்டது. சரஸ்ட்ரோ மெதுவாகப் பாடும் ஓர் இடத்தில் கேமரா விலகிக்கொண்டே போக, போரில் இறந்தவர்களின் கல்லறைகள் விரிந்துகொண்டே போகும். இசை மெதுவாக நிற்கும் இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அழ முடியும், கதையின் முறைப்படி அழ வேண்டிய இடம் கடைசியாக இருந்தாலும். அந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கடைசிக் கொண்டாட்டப் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. பாடுகிறவர்கள் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதோ என்று தோன்றுகிறது.